மண்ணீரலைக் காப்பாற்றிய கன்னங்கள்

ஹைதராபாத் குகட்பள்ளியில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறேன். அதற்கு முன் ஒரு வெல்டிங் பட்டறை கட்டினேன். அங்கே அடித்த கேட்டோ கிரில்லோ இல்லாத தெரு ஹவுசிங் போர்டு காலனியில் இருந்தால் யாராவது காட்டட்டும். போலாரத்தில் ஒரு சர்ச்சின் மணிக்கூண்டுக்கு இரும்புப் படி வைக்க முடியாது என்று படித்த இன்ஜினியர்கள் இரண்டு பேர் கைவிரித்தார்கள். நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தே வைத்தேன். பாதிரியார் இன்றைக்கும் அதில்தான் ஏறுகிறார். நான் பள்ளிக்கூடம் போனது ஏழாம் வகுப்புவரை. தேறியது ஆறுவரை.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரியத்தைப் பதினோரு வயதிலேயே முடித்துவிட்டேன். என் அக்காவின் மண்ணீரல் இன்றும் அவள் வயிற்றுக்குள் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் நான். யாரும் அதைச் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் உருதும். அக்காவுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது, எங்கும் இடித்துக்கொள்ளாமலே உடம்பு நீலம் நீலமாகக் கன்றத் தொடங்கியது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. காலில் சிவப்பு மையைத் தெளித்ததுபோல் புள்ளிகள். அக்கம்பக்கத்தார் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார்கள், பெண் பிள்ளையைப் போட்டு அடிக்கிறார் என்று. அவர் என்னைத் தவிர யாரையும் அடித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஹைதராபாத்காரர், எங்களுக்காகத் தமிழைப் பிய்த்துப் பிய்த்துப் பேசுவார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். ரத்தத்தை உறைய வைக்கத் தட்டணு என்று ஒன்று உண்டு. அக்காவின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து அழிக்கிறது. இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. சட்டென்று விட்டுப் போகிற நோயும் இல்லை. தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்துவிடலாம். விழக் கூடாது, அடிபடக் கூடாது. காலையில் சின்ன வெள்ளை மாத்திரைகள் போட வேண்டும், அதை நாமாக நிறுத்தவே கூடாது.

மாத்திரை வேலை செய்தது. நீலம் மறைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அக்காவுக்கு அகோரப் பசி எடுத்தது, முகம் பௌர்ணமி நிலாபோல் உருண்டது. மருந்தினால் வருகிற வீக்கம்தான் அது, பிறகு வடிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சர்ச்சில் அதை யார் கேட்டார்கள்? ஆராதனை முடிந்ததும் அத்தைமார் சூழ்ந்துகொள்வார்கள். "பிள்ளை நல்லாத் தேறிட்டாளே" என்று ஆளுக்கொரு கிள்ளு கன்னத்தில். வீடு வந்து பார்த்தால் கிள்ளிய இடத்திலெல்லாம் நீலம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குக் காவல் நான். விரல்கள் நீண்டு வரும்போது குறுக்கே புகுந்து என் கன்னத்தைக் கொடுப்பேன். ஆனால் என் கன்னம் ஒட்டிக் கிடந்தது. ஓர் அத்தை, "இவன் மூஞ்சில பிடிக்கதுக்கு என்னல இருக்கு, எலும்புதான்" என்று கையை எடுத்துக்கொண்டு அக்காவிடமே போனாள். எனக்குத் தாங்கவில்லை. வீட்டிலும் முட்டை அவளுக்கு, ஈரல் அவளுக்கு, எனக்கு உப்புமா. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்த வெள்ளை மாத்திரைதான் என்று என் மூளை கண்டுபிடித்தது.

அக்காவிடம் கேட்டேன்.

"நக்கோ," என்றாள். எங்கள் தெருவில் வேண்டாம் என்பதற்கு அதுதான் சொல். "இது எனக்கு உள்ளது. ஒனக்கு எதுக்குல?"

"ஒன்ன மாரி ஆவணும்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விலை சொன்னாள். என் பித்தளை ஆணிப் பம்பரம். ஒரு மாதம் அவளுடைய புத்தகப் பையை நான் சுமக்க வேண்டும். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது. நான் பம்பரத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்தைப் பதினைந்து நாளாகக் குறைத்தேன். வியாபாரம் எனக்கு அன்றைக்கே கைவந்துவிட்டது.

காலையில் அம்மா மாத்திரைகளை அக்காவின் கையில் வைக்கும் நேரத்தில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும். அப்பாவின் டிபன் கேரியரை மூட அம்மா அடுப்படிக்கு ஓடுவாள். அந்த நிமிஷத்தில் மாத்திரை கைமாறும். வேப்பங்காய்க் கசப்பு. இட்லிக்குள் வைத்துச் சீனியைத் தொட்டு விழுங்குவேன். சில வாரங்களில் எனக்கும் பசி கிளம்பியது. ஒரே மூச்சில் பதினாறு இட்லி சாப்பிட்ட நாள் உண்டு. என் கன்னமும் உருண்டது. அத்தைமார் மனதாரக் கிள்ளினார்கள். அக்காவின் முகம் வடிந்து பழையபடி ஆனது. கண்ணாடி முன்னால் நின்று பாட்டுப் பாடினாள். இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள் என்று அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள்.

பிறகு ஒருநாள் வகுப்பில் அக்காவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது, நிற்கவில்லை. காலில் புள்ளிகள் திரும்பின. எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஃபைலைச் சுமந்துகொண்டு நானும் போனேன்.

எண்ணிக்கை அதலபாதாளத்தில் கிடந்தது. டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டணுக்களின் அழிவு பெரும்பாலும் மண்ணீரலில்தான் நடக்கிறதாம். இவ்வளவு மாத்திரைக்கும் கேட்கவில்லை என்றால் அதை ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். இந்த எண்ணிக்கையில் கத்தி வைப்பதும் லேசில்லை என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா எழுதப் பேனாவை எடுத்தார்.

நான் அந்த அறையில் பன் தின்றுகொண்டிருந்தேன். பசி. டாக்டரம்மாவின் பார்வை என்மேல் விழுந்து அங்கேயே நின்றது. பேனாவை மூடினார். கிட்டே கூப்பிட்டு என் கன்னத்தை விரலால் அழுத்தினார்.

"இவனுக்கு யாரு இந்த மாத்திரை குடுக்குறா?"

"இவனுக்கு ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா," என்றாள் அம்மா. "சும்மா நல்லா சாப்பிடுதான்."

"நல்லா சாப்பிட்டா இப்படி மூஞ்சி வராது. கைக்கு பேட்டா?" என்று உருதுவில் கேட்டுவிட்டு, தமிழிலும் கேட்டார், "ஏன் தின்னே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. "நான்தான் அவள ஏமாத்தி வாங்கித் தின்னேன்" என்று சொன்னேன். பொய் இல்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அப்பாவின் கை எழுந்தது. டாக்டரம்மா குறுக்கே கையை நீட்டினார். "நக்கோ. இவனை அடிக்கக் கூடாது. இவனும் இப்ப என் பேஷண்ட்." ஒருவர் மருந்தை இன்னொருவர் தின்பது இரண்டு பேருக்கும் ஆபத்து என்று கால்மணி நேரம் திட்டினார். இத்தனை நாள் தின்றதைத் திடீரென்று நிறுத்துவதும் தப்பாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க என் பெயருக்கும் ஒரு சீட்டு எழுதினார். என் பெயரை ஒருவர் மரியாதையாக எழுதிய முதல் காகிதம் அது.

ஆபரேஷன் நின்றது. அக்கா மாத்திரையை ஒழுங்காகப் போட, எண்ணிக்கை ஏறியது. அதற்குப் பிறகு இத்தனை வருஷங்களில் ஏறி இறங்கி அவளோடே இருக்கிறது. டீச்சர் வேலை பார்த்தாள், டாக்டர்கள் கண்காணிக்க இரண்டு பிள்ளை பெற்றாள். இப்போது புது மாத்திரை. எண்ணிக்கையை டைரியில் குறித்து வைக்கிறாள்.

வருகிற ஞாயிறு அவளுடைய எழுபதாவது பிறந்தநாள். சர்ச்சில் நன்றி சொல்லிச் சாட்சி வாசிக்கப்போகிறாள். அவள் மகள் டைப் செய்ததைப் படித்துக் காட்டச் சொன்னேன். தேவனுக்கு நன்றி, டாக்டரம்மாவுக்கு, அம்மாவின் ஜெபத்துக்கு, புது மாத்திரைக்குக்கூட நன்றி. என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன்.

"நீ என்னல செஞ்ச?" என்று சிரித்தாள். "நீ கேக்காட்டி நான் சாக்கடையிலதான் போட்டிருப்பேன். ஸ்கூல் பூரா என்ன பன்னு பன்னுன்னு கூப்பிட்டுது. செத்தாலும் பரவால்ல, அந்த மூஞ்சி வேண்டாம்னு இருந்தேன். நீயா வந்து கேட்டு நிக்கே, பம்பரத்தையும் தந்துட்டு."

அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்பது இப்போது முக்கியமில்லை. அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது எதற்கு என்று பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் அவள் பாடியதும் சும்மா பாட்டு என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் கணக்கு நேராகத்தான் வருகிறது. சாக்கடையில் போட்டிருந்தால் சாக்கடைக்குக் கன்னம் உப்பியிருக்குமா? டாக்டரம்மா எதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்? ஆகவே, ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும்போது டாக்டரம்மாவுக்கு அடுத்தபடியாக என் பெயர் வர வேண்டும். வெறுமனே தம்பி என்று போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கன்னத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பம்பரத்தையும் திருப்பித் தர வேண்டும்.