மருக்காரருக்கு ஒரு கோப்பைக் காபி

கோடலீவ், பெல்ஜியத்தில் ரோன்சே என்ற சிற்றூரில் என் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நெசவாலைக்குப் போய், ஆலை மூடும்வரை தறிகளுக்கு நடுவில் நின்றவள். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்வாள். தான் பேசினால் தெருவுக்கே கேட்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை என்பாள். கேட்டவனின் பெயர் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஓக் பலகையில் தீட்டிய பழைய ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பட்டி, மூக்கோரம் ஒரு மரு. தச்சரான அவள் அப்பா, ஒரு பண்ணை வீட்டு விதவைக்கு அலமாரி செய்துகொடுத்து, கூலிக்குப் பதிலாக வாங்கி வந்தது. யாருடைய முகம் என்று தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் அவர் மருக்காரர்.

அப்பா போனபின் தம்பி ஃபிர்மின் வந்து ஓவியத்தைக் கேட்டான். தனக்குத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தாராம். அம்மா இர்மாவுக்கு அப்போது நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது.

“அம்மாவையும் சேத்துத் தூக்கிட்டுப் போ, தரேன்” என்றாள் கோடலீவ்.

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டு ஆன்ட்வெர்ப் நகரத்துக்குப் போனவன்தான். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தான். கல்லறையிலிருந்து நேரே ரயிலடிக்குப் போய்விட்டான்.

நடுவில் இருந்த வருடங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலை, ஆலை விட்டால் அம்மா. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வாசலைத் தாண்டி ஓடியவரைத் திரும்பக் கூட்டி வருவது. சூப் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே அவள் தூங்கிப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு அவளுக்கே முழங்கால் போயிற்று. மாடிப்படி ஏற முடியவில்லை. முதியோர் குடியிருப்பில் தரைத்தளத்து அறை ஒன்று கிடைத்தது. மருக்காரருக்கு அங்கே இடமில்லை. விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் சொத்து இருவருக்கும் பொது. ஃபிர்மினும் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

ஓவியத்தைப் போர்வையில் சுற்றி என் வண்டியில் கெண்ட் நகரத்து ஏலக்கடைக்குக் கொண்டுபோனோம். ஃபிர்மின் எங்களுக்கு முன்பே வந்து நின்றான். முடி முழுக்க நரைத்து, கையில் தடி.

“நல்லா இருக்கியா அக்கா?”

“நிக்கிறேன்ல” என்றாள்.

கடையில் மதிப்புப் போடும் அன்னெலீன் என்ற பெண் ஓவியத்தை மேசையில் கிடத்தி, விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். தீட்டியவர் பெயர் தெரியாது, ஆனால் நல்ல கை, நானூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றாள். பிறகு வெள்ளைப் பட்டிக்கு அருகில் விரலைக் காட்டினாள்.

“இங்க பழுப்பா ஏதோ வழிஞ்சிருக்கே மேடம். இது பழசு இல்ல. என்ன ஆச்சு?”

“காபி. எங்க அம்மா கோப்பையைத் தூக்கி அடிச்சாங்க.”

ஃபிர்மின் நிமிர்ந்தான். “அம்மாவா? எதுக்கு?”

“நினைவு போச்சுல்ல. இவரை விருந்தாளின்னு நெனச்சுட்டாங்க. வந்தவருக்குக் காபி குடுக்கலியான்னு என்னைத் திட்டுவாங்க. தினம் ஒரு கோப்பை ஊத்தி இவர் முன்னால வைப்பேன். ஆறினதும் நான் குடிப்பேன்.”

“சரி, அடிச்சது எதுக்கு?”

கோடலீவ் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்கவில்லையோ என்று நினைத்து அவன் இன்னொரு தரம் கேட்டான்.

“பேச மாட்டேங்கறாரேன்னு” என்றாள். “இவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்கே, ஒரு வார்த்தை பேசக் கூடாதா ஃபிர்மின்னு கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க. அப்புறம் அடிச்சாங்க.”

அன்னெலீன் விளக்கை அணைத்தாள். ஃபிர்மின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

“என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.”

“நீ எங்க கேட்ட?”

அன்னெலீன் மெதுவாகச் சொன்னாள். “மேல பூசின மெருகுலதான் கறை நிக்குது. எடுத்துடலாம். எடுத்தா நல்ல விலைக்குப் போகும். ஆனா உங்க ரெண்டு பேர் சம்மதம் வேணும்.”

“அப்படியே இருக்கட்டுமே” என்றான் ஃபிர்மின்.

“நீ இப்பதான் பாக்குறே. நான் பாத்துப் பாத்துச் சலிச்சுட்டேன்” என்றாள் கோடலீவ். “தொடச்சிடுங்கம்மா.”

அவன் தலையாட்டினான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏலத்தன்று மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மருக்காரரைத் தாங்கியில் வைத்தார்கள். கழுத்துப்பட்டி பளிச்சென்று இருந்தது. கோடலீவ் ஏலம் விடுகிறவரின் உதட்டை உற்றுப் பார்த்தாள். அவர் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. சுத்தியல் விழுந்தது.

“யாரு எடுத்தா?”

“போன்ல யாரோ. எந்த ஊருன்னு தெரியல” என்று ஃபிர்மின் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை அசைத்து அசைத்துச் சொன்னான்.

“நல்லவேளை” என்றாள். “இந்தச் செருப்பு கடிக்குது. போலாம்.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிர்மின் ரயிலில் வருகிறான். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை, அவளுக்குக் கேட்பதுமில்லை. ஆரம்பத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ தொடங்கினான். “அதெல்லாம் பேசத் தெம்பு இல்லடா, அந்த ஜன்னலைச் சாத்து” என்றாள். அவன் சாத்தினான். உருளைக்கிழங்கை அவன் உரிக்கிறான், அவள் வேகவைக்கிறாள். சாப்பிட்டதும் அவன் செய்தித்தாளை விரிப்பான், பாதியில் தலை சாயும். அவளும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிவிடுவாள். ஒரு ஞாயிறு தூங்கி உப்பிய முகத்தோடு அவன் எழுந்து, கடைசி ரயில் போய்விட்டது என்றான். சோபாவில் படுத்துக்கொள்ளச் சொல்லிப் போர்வையை எடுத்துப் போட்டாள்.