பெண்கள் வரிசை இலைகள்

“நீ இலை எடுக்கறது சாமி பாக்கறதுக்கா, நாங்க பாக்கறதுக்கா?”

மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா இப்படிக் கேட்டபோது என் கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. திருவிழாப் பூசை முடிந்து, பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சமபந்திக்கு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள்.

“சாமி பாக்கறதுக்குத்தான்” என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. பங்குத்தந்தை பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனது நான். கல்லூரி போனதும் நான்தான். அப்பா தன் கையெழுத்தைப் படம் வரைகிற மாதிரி வரைவார். அம்மாவுக்குக் கைநாட்டு. நான் எம்.காம். முடித்து தி. நகரில் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். இதை அடக்கமாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மணி கேட்டால்கூட என் படிப்பைச் சேர்த்துச் சொல்லிவிடுகிற ஆள் நான்.

அன்று பூசையில் ஃபாதர், உங்களில் பெரியவராக விரும்புகிறவர் எல்லாருக்கும் பணியாளராக இருக்கட்டும் என்பதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. பரிமாற எல்லாரும் வருவார்கள். பாயச வாளிக்கு அடிதடியே நடக்கும். எச்சில் இலை எடுக்கத்தான் ஆள் இருக்காது. அங்கே போய் நின்றால் என் பணிவு தனியாகத் தெரியும். ஆக, கடைசி இடத்துக்கு முதல் ஆளாக ஓடினேன்.

அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

“லேடீஸ் வரிசை பூரா என்னுது. நீ ஜென்ட்ஸ் பக்கம் போ” என்றார் பூக்கார அக்கா.

ஆண்கள் பக்கம் இளைஞர் குழுப் பையன்கள் இருந்தார்கள். ஃபாதர் அந்தப் பக்கம் போகவும் இல்லை.

“சேவை எல்லாருக்கும் பொதுதானே அக்கா?”

“பொதுவா? இது இன்னா தெருக்கொழாயா, வர்றவ எல்லாம் கொடம் வெக்க? படிச்ச பொண்ணு நீ. நாலு இலை எடுத்துட்டு கைய மோந்து பாத்துக்கினு ஓடிருவ.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. முதல் பந்தி எழுந்ததும் அவர் வரிசையின் தலையிலிருந்து ஆரம்பித்தார், நான் வாலிலிருந்து ஆரம்பித்தேன். அப்பளத்தூள், கறிவேப்பிலை, சாம்பாரில் மிதக்கும் முருங்கைச் சக்கை எல்லாவற்றையும் இலையோடு சுருட்டித் தொட்டியில் போட்டுக்கொண்டே போனேன். அவர் ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, நிமிர்ந்து, மூச்சு வாங்கி வந்தார். நாங்கள் சந்தித்தபோது வரிசையில் பாதிக்கு மேல் என் தொட்டியில் இருந்தது. கையை மோந்து பார்க்காமல் நின்றேன், அவர் கவனிக்கட்டும் என்று.

அவர் திட்டவில்லை. இலைகள் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தொட்டியைக் கொட்டப் பின்பக்கம் போனேன். அங்கே அம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கொஞ்சம் வெற்றிக் கதையாகவே சொன்னேன். அம்மா தலையைத் தூக்கவில்லை.

“அவ வரிசையிலயா கை வெச்ச?”

“அதுல என்னம்மா?”

“அவ புள்ள சின்னதுல மூளைக்காய்ச்சல் வந்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கெடந்தான். பொழச்சா பொம்பளைங்க வரிசை இலை பூரா ஏங் கையாலயே எடுக்கறேன்னு வேண்டிக்கினா. வருஷா வருஷம் எடுக்கறா. நீ போயி பாதிய புடுங்கிக்கினு வந்து நிக்கற.”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“கேட்டா தெரியும்.” அண்டாவைப் புரட்டிப் போட்டார். “வூட்ல சாப்ட்ட தட்ட எடுன்னா ஆயிரம் கத சொல்லுவ. இங்க ஊரு எச்சில எடுத்துக்கினு கீற. நல்லா கீது.”

நான் திரும்பி வந்தபோது இரண்டாம் பந்தி எழுந்துகொண்டிருந்தது. அக்கா வரிசையின் தலையில் குந்தியிருந்தார். சில இலைகள் எடுத்திருந்தார். அடுத்த இலைக்கு நகர எழுந்திருக்க வேண்டும், முட்டி விடவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தார். மூன்றாம் பந்திக்காரர்கள் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நெருக்கியடித்தார்கள். “சீக்கிரம் எடும்மா, பசிக்குது” என்று ஒரு குரல். ஆண்கள் பக்கம் முடித்துவிட்ட பையன்கள் கூடையோடு வந்தார்கள்.

“ஆன்ட்டி, நீங்க உக்காருங்க. நாங்க அள்ளிடறோம்.”

“தொடாதீங்கடா” என்றார் அவர். அவர்கள் தொட்டால் அந்த வருஷத்து நேர்ச்சை மொத்தமும் போய்விடும். முதல் பந்தியில் பாதியை நான் ஏற்கெனவே போக்கியிருந்தேன்.

பையன்களின் குறுக்கே போய் நின்றேன். “இது அக்கா வரிசை. நீங்க போய்ப் பாயசம் குடிங்க.” பிறகு அவர் பக்கத்தில் குந்தினேன். “நான் இலைய தொடல. தொட்டிய மட்டும் புடிக்கறேன். நீங்க என் மேல கை வெச்சு எழுந்துக்குங்க.”

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “ஒரு இலை மேல உங் கை பட்டுச்சு, அவ்ளோதான்.”

என் தோளில் முழு பாரத்தையும் போட்டு எழுந்தார். அடுத்த இலைக்கு அதே தோளை அழுத்தி இறங்கினார். நான் தொட்டியோடு தரையை ஒட்டியே நகர்ந்தேன். மூன்றாவது இலைக்குள் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது, முக்கியமாக வாய்க்கு.

“இன்னும் கீழ வை தொட்டிய. எம்.காம் படிச்சா முதுகு வளையாதா?”

தொட்டி விளிம்பிலிருந்து சாம்பார் என் புது சுடிதாரில் கோடு போட்டு இறங்கியது. வெளியூர் விருந்தாளி அம்மா ஒருவர் என்னைத் தட்டி, “பாப்பா, அந்தப் பக்கம் தண்ணி சிந்தியிருக்கு, தொடச்சுடு” என்றார். பிறகு ஃபாதர் வந்தார். அக்காவின் எச்சில் கையையே பிடித்துக்கொண்டு, “எவ்ளோ பெரிய சேவைம்மா உங்களோடது” என்றார். என்னிடமும் பேசினார்: “தொட்டிய கொஞ்சம் ஓரமா வைம்மா, ஆள் போற வழி.”

என் படிப்பு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் உதட்டோரம் துடித்தது.

மூன்றாம் பந்தியையும் அப்படியே முடித்தோம். கடைசி இலையைப் போட்டுவிட்டு அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“மொதல் பந்தில நான் எடுத்தது?” என்று கேட்டேன்.

“அத நான் மேல பேசிக்கறேன்” என்று வானத்தைக் காட்டினார். “உம் பேரச் சொல்லித்தான் பேசுவேன்.”

இந்த வருஷத் திருவிழா நெருங்குகிறது. அவர் முட்டி இன்னும் மோசம். இனிமேல் தரையில் குந்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பூ கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் இதைச் சொன்னார். “வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான். எப்டின்னுதான் தெரில.”

அடுத்த ஞாயிறு நான் விழாக் குழுப் பொருளாளரிடம் போனேன். பந்திக்கு மேசை நாற்காலி போடலாமே, வயசானவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடக் கஷ்டப்படுகிறார்களே என்றேன். அதுவும் உண்மைதான். அக்காவின் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் ‘முடியலன்னா வேற ஆள் பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிடுவார்கள். பொருளாளர் யோசித்தார், ஒத்துக்கொண்டார். இப்போது மேசை அவருடைய யோசனையாகிவிட்டது. போன வாரம் எனக்கே அதை விளக்கிச் சொன்னார். “நல்ல யோசனை சார்” என்றேன். எச்சில் தொட்டி தூக்கியது அதைவிட லேசாக இருந்தது.

மேசை பார்க்க ஆள் போக வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நான் போகிறேன் என்றேன். நேற்று வேலை முடிந்ததும் ராயப்பேட்டையில் வாடகைச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் நல்ல மேசைகளாகத்தான் காட்டினார்.

“உக்காந்து சாப்புட இதான்மா சரியான ஒசரம்.”

“சாப்புடறவங்க எப்படியும் சாப்புட்டுருவாங்க பாய். இலை எடுக்கறவங்க குனியக் கூடாது.”

அவர் சிரித்தார். “இத கேட்டு யாரும் வந்ததில்லமா. எடுக்கறவங்க எவ்ளோ ஒசரம்?”

என் காதுவரை என்று கையால் காட்டினேன். உள்ளே போய், கால் கொஞ்சம் நீளமான மேசை ஒன்றை இழுத்து வந்து போட்டார். நான் முழங்காலை லேசாக மடக்கி அக்காவின் உயரத்துக்கு இறங்கி, இல்லாத இலை ஒன்றை மடித்து, சுருட்டி எடுத்துப் பார்த்தேன். இடுப்பு வளையவில்லை. இன்னொரு தடவையும் எடுத்துப் பார்த்தேன்.

“லேடீஸ் வரிசைக்கு பூரா இதுவே அனுப்புங்க” என்றேன்.