மேடம் போட்ட முட்டைகள்

எங்கள் அண்ணன் பேக்கரி மாஸ்டர். ஊர் தூங்கும்போது எழுந்து போய் மாவு பிசைந்துவிட்டு, ஊர் காலைச் சாப்பாட்டை முடித்த பிறகு வீடு திரும்பித் தூங்குகிறவர். வீட்டில் அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வேலை செய்யாத சாமானுக்கு இடமில்லை. நின்றுபோன கடிகாரமோ கம்பி உடைந்த குடையோ, எதுவானாலும் மறுநாள் குப்பை வண்டியில் ஏறிவிடும். நான் வேலை இல்லாமல் அவர் வீட்டில் இருந்த நாட்களில், குப்பை வண்டிச் சத்தம் கேட்டாலே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலைப் பெருக்க ஆரம்பித்துவிடுவேன்.

கொல்லையில் இருந்த கோழிக்கும் அதே சட்டம்தான். பழுப்பு நிறம், பருத்த உடம்பு. சமையலறை வாசலில் வந்து நின்று, தலையைச் சாய்த்து, அடுப்பில் என்ன வேகிறது என்று மேற்பார்வை பார்க்கும். அதனால் மேடம் என்று பெயர். "முட்டை போடுற வரைக்கும்தான் மேடம். நிறுத்தின மறுநாள் சட்டிக்குள்ள போயிடும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அண்ணன் சொல்வார்.

மேடத்துக்கு வயது ஏறிக்கொண்டே போனது. முட்டை மட்டும் நிற்கவில்லை. மற்ற கோழிகள் ஓய்ந்துவிடும் வயதில் இது சில நாட்களில் இரண்டு முட்டை போட்டது. ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. "அன்னிக்கு என்ன மூடோ, அந்தக் கலர்" என்று அண்ணன் விளக்கம் சொன்னார். அண்ணியும் தலையாட்டினார். ஆம்லெட் சாப்பிடுகிறவன் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்படிப்பட்ட மேடம் ஒருநாள் சமையலறைப் பக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சுவரோரமாக இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. கொண்டை வெளுத்திருந்தது. தானியத்தைத் தூவினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் ஆடிப்போய்விட்டார். பேக்கரியில் மிஞ்சுகிற பன்னை எடுத்துவந்து மேடத்துக்கு உதிர்த்துப் போடுவது அவர் வழக்கம். இப்போது அதையே பாலில் ஊறவைத்து ஊட்ட ஆரம்பித்தார். கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "ஒரு வாய்ம்மா, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன மனிதர் அவர்.

"ஏங்க, பேசாம டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றார் அண்ணி.

"கோழிக்கு டாக்டரா? ஊரே சிரிக்கும்" என்றார் அண்ணன், சட்டையை மாட்டிக்கொண்டே.

பன் அடுக்கும் டிரே ஒன்றில் பழைய துண்டை விரித்து, மேடத்தை உட்கார வைத்து, மூன்று பேருமாக மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருந்த நாய்கள் மேடத்தை முறைத்தன. அண்ணன் அந்த நாய்களின் சொந்தக்காரர்களை முறைத்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "வயசான கோழியா இருக்கே. முட்டை போடுதா?"

"தினமும்" என்றார்கள் அண்ணனும் அண்ணியும் ஒரே குரலில்.

"கடைசியா எப்ப போட்டுச்சு?"

"படுத்ததுக்கு முந்தின நாள் வரைக்கும் போட்டுச்சே" என்றார் அண்ணி.

டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். "கைக்கு ஒண்ணும் தெளிவாத் தெரியல. ஆனா தினமும் போடுற கோழி திடீர்னு நிறுத்தினா, முட்டை உள்ள சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கணும். இந்த வயசுல அதைத் தாங்குமான்னு சொல்ல முடியாது."

அண்ணன் முகம் வேகாத பன் மாதிரி வெளுத்துவிட்டது. "டாக்டர்... அதுல ஒண்ணு ரெண்டு நான் வச்சது" என்றார், தரையைப் பார்த்து.

"என்ன வச்சீங்க?"

"முட்டை. பேக்கரியிலிருந்து கொண்டு வந்து கூண்டுக்குள்ள வச்சிடுவேன். அது போடாத நாள்ல மட்டும்தான்."

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வெள்ளை முட்டையெல்லாம் நீங்க வச்சதா?"

"ஏன் கேக்குற?"

"பழுப்பெல்லாம் நான் வச்சது. ஃபிரிட்ஜ் குளிர்ச்சி போற வரைக்கும் கைக்குள்ளயே பொத்தி வச்சிருந்து, அப்புறம் கொண்டுபோய் வைப்பேன். எங்க நீங்க வெட்டிடுவீங்களோன்னு பயம்."

"நான் வெட்டுவேனா அதை?"

"வெட்டுவேன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

"சொல்லிட்டேன். அதனாலதான் வச்சேன். சொன்ன வாயை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"சரி, மேடம் போட்டது எது?" என்று கேட்டார் டாக்டர்.

வெள்ளை அண்ணனுடையது. பழுப்பு அண்ணியுடையது. மேடத்தின் பங்கு என்று எதுவும் மிஞ்சவில்லை. அண்ணன் வைத்ததைப் பார்த்து, கோழி இன்னும் போடுகிறது என்று அண்ணி நம்பியிருக்கிறார். அண்ணி வைத்ததைப் பார்த்து அண்ணனும் நம்பியிருக்கிறார். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் முட்டை போட்டுக்கொண்டிருந்தது இவர்கள் இரண்டு பேரும்தான். நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

டாக்டரும் சிரித்தபடியே மேடத்தின் கழுத்துக்குக் கீழே தடவினார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. "அப்ப இது முட்டை விஷயமே இல்ல. இங்க தொட்டுப் பாருங்க. தின்னதெல்லாம் முதல்ல சேர்ற பை இது. கல்லு மாதிரி இருக்கு. என்ன தீனி போடுறீங்க?"

"பன்" என்றார் அண்ணன், தேய்ந்த குரலில். "உடம்பு சரியில்லன்னு பால்ல ஊறவச்சு..."

"அந்த மாவுதான் அடைச்சுக்கிட்டிருக்கு. இன்னிக்கு எந்தத் தீனியும் வேண்டாம். தண்ணியும் ரெண்டு சொட்டு எண்ணெயும் கொடுத்து, பையை மெதுவா பிசைஞ்சு விடுங்க. நாளைக்கும் இளகலைன்னா கீறித்தான் எடுக்கணும். வயசும் ஆச்சு, முட்டையும் போடாது. இவ்வளவு சிரமப்படணுமான்னு யோசிச்சுக்கங்க."

"முட்டை போடுதான்னு இப்ப யாரு கேட்டா?" என்று அண்ணன் சீறினார். கேட்டது டாக்டர்தான். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.

அன்று முழுக்க அண்ணன் மேடத்தை மடியைவிட்டு இறக்கவில்லை. மூட்டை மூட்டையாக மாவைப் புரட்டிய விரல்கள், பூவைத் தொடுவதுபோல அந்தப் பையைப் பிசைந்துகொண்டிருந்தன. நடுநடுவே வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அண்ணி வந்தால் மட்டும் கையை இயல்பாக வைத்துக்கொண்டார். அவர் வலியை அப்படி மறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோழி செத்துப்போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று உண்மையிலேயே பயமாக இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பேக்கரியிலிருந்து போன் வந்தது. "வீட்டுல பெரியவங்களுக்கு முடியல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து கூச்சல். "இளகிடுச்சு! இளகிடுச்சு!" ஓடினோம். பை சுருங்கித் தொளதொளவென்று இருந்தது. அண்ணனின் வேட்டி நாறிப்போயிருந்தது. மேடம் தள்ளாடி இறங்கி, தண்ணீர் குடித்து, அவர் கால் கட்டைவிரலை ஒரு கொத்துக் கொத்தியது. அண்ணன் எங்களுக்கு முன்னால் கொஞ்சமும் வெட்கப்படாமல் அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

"இனிமே உனக்கு ரிட்டையர்மென்ட் மேடம். முட்டை கிட்டைன்னு யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு கோழியையே பார்த்துக்கொண்டு, "எனக்கும்தான் முடியல. கை போச்சு. ரொம்ப நாளா கூட இருக்கிறவங்கதான் மாவு பிசையுறாங்க. வேலை நின்னுபோச்சுன்னா இந்த வீட்டுல நான்..." என்று நிறுத்தினார்.

அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "முட்டையே போடாத கோழிக்கு ரெண்டு வருஷமா முட்டை வாங்கி வச்சிருக்கேன். உங்களுக்கு ஒரு வாய் சோறு போட மாட்டேனா? கையைக் காட்டுங்க."

அண்ணன் வலது கையை நீட்டினார். அண்ணி கோழிக்கு வைத்திருந்த எண்ணெயையே எடுத்து, அந்த மணிக்கட்டில் தேய்த்துவிட ஆரம்பித்தார்.