பதினெட்டு மோட்டாரும் ஒரே நொடியில்

பாகூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. ஒயர், சுவிட்ச், மோட்டார் சாமான் விற்பேன். கூடவே, யாரும் கேட்காமலே, மின்சாரத்தின் வரலாற்றையும் இலவசமாகக் கொடுப்பேன். ஒரு ஹோல்டர் வாங்க வந்தவர்கூட, செத்த தவளையின் கால் துடித்ததைப் பார்த்து அசந்துபோன இத்தாலிக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் என் கடைப் படியை விட்டு இறங்க முடியாது. "பாய், சாமானக் குடு, பஸ்ஸு போயிடும்" என்பார்கள். நான் விடமாட்டேன். தவளைக்குள் ஒன்றும் இல்லை, அதைத் தொட்ட இரண்டு உலோகங்களில்தான் விஷயம் இருக்கிறது என்று இன்னொரு இத்தாலிக்காரர் மல்லுக்கு நின்றதையும், அந்த வீம்பில் முதல் பேட்டரியைச் செய்ததையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

எனக்கு மிகவும் பிடித்தவர் இன்றைய ஏசி மோட்டாருக்கு வழி காட்டிய மனிதர். பூங்காவில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது சுழலும் காந்தப்புலம் சட்டென்று மனதில் தோன்ற, குச்சியை எடுத்து மண்ணிலேயே படம் வரைந்து காட்டினாராம். கடைசியில் ஓட்டல் அறையில், புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல் போய்ச் சேர்ந்தார். பக்கத்துக் குருவிநத்தத்தில் போர்வெல் தண்ணீர் கொட்டுவது அவர் செய்த புண்ணியம். நாய்க்குட்டியின் பிறந்தநாளுக்கே பேனர் வைக்கும் ஊர்கள் இவை. அவருக்கு ஒன்றுகூட வைத்ததில்லை.

அவர் விட்ட குறையை நான் தொட்டேன். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாது. வந்ததும் வயலுக்கு ஓடி மோட்டாரைப் போட வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டால் ஓட வேண்டாம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே கிளம்பிவிடும். குருவிநத்தத்தில் ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்தொன்பது மோட்டார்கள். அதில் பதினெட்டுக்கு நானே விற்று, நானே மாட்டிக் கொடுத்தேன். இனி டீக்கடையிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

பத்தொன்பதாவது மோட்டார் ஓர் அக்காவுடையது. கணவர் இல்லை, ஒரு காணி நிலம், தனியாளாகப் பார்க்கிறார். நான் விற்கப் போனபோது, "மோட்டாரு கொட்டாயாண்டதான் நாள் பூரா குந்திகினு கெடக்கறேன். எனக்கு இன்னாத்துக்கு அது?" என்றார்.

மோட்டார் ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு, கிளம்பும் அந்த நொடியில் இழுக்கும். பதினெட்டும் ஒரே நொடியில் கிளம்பினால் என்ன ஆகும்? டிரான்ஸ்பார்மரில் பீஸ் போகும். போனது. லைன்மேன் வந்து போட்டார், மறுபடி போனது. மூன்றாம் முறை அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்த மீட்டராலும் அளக்க முடியாது. பத்தாவது ஸ்டார்ட்டரை விற்றபோதே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. விற்றேன்.

ஆனால் மேதைகளின் வழிவந்தவன் சும்மா இருப்பானா? ஸ்டார்ட்டருக்குள் ஒரு திருகு உண்டு. கரண்ட் வந்து எத்தனை நேரம் கழித்து மோட்டார் கிளம்ப வேண்டும் என்பதை அதில் வைக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பைக்கில் போய், முதல் ஆளுக்கு உடனே, அடுத்தவருக்கு அரை நிமிடம், அதற்கடுத்தவருக்கு ஒரு நிமிடம் என்று பதினெட்டுக்கும் வரிசையாக வைத்தேன். கடைசி ஆள் ஒன்பது நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். என்ன விஷயம் என்று மண்ணில் குச்சியால் படம்கூடப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாலே நாள். மேலத்தெருக்காரர் ஒருவர் கவனித்துவிட்டார்: தன் மோட்டார் நிற்கும்போது பங்காளியின் மோட்டார் ஓடுகிறது! வித்தியாசம் அரை நிமிடம்தான். தண்ணீருக்கு எந்தக் குறையும் இல்லை. "அவன் மோட்டாரு கொட்டறத என் மோட்டாரு வேடிக்க பாக்கணுமா? எனக்கு மானம் மருவாத இல்லியா பாய்?" என்று என்னிடமே கேட்டார். ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தன் திருகைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டார். அதைப் பங்காளி பார்த்தார். பங்காளியை அவர் மச்சான் பார்த்தார். அந்த வாரத்துக்குள் பதினெட்டுத் திருகும் பூஜ்ஜியத்தில் நின்றன. பீஸ் அடிக்கடி போகிறதே என்று யாரோ மொத்தமான கம்பியாகக் கட்டிவிட்டார்கள். பிறகென்ன, பீஸ் போகவில்லை. டிரான்ஸ்பார்மரே போய்விட்டது.

மாற்று டிரான்ஸ்பார்மர் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. பதினெட்டுப் பேரும் கரும்பு, கரும்பு பொறுத்துக்கொள்ளும். அக்கா மட்டும் நவரைப் பட்டத்துக்கு நெல் நட்டிருந்தார், அது பால் பிடிக்கிற சமயம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் நெல்லில் மணி பிடிக்காது. மூன்றாம் நாள் கடைக்கு வந்து, "எப்போ வரும் பாய்?" என்று கேட்டார். ஆறாம் நாளும் வந்தார். நான் ஜெனரேட்டருக்கு அலைந்தேன். கிடைத்த ஒன்று சின்னது, அவர் மோட்டாரைக் கிளப்ப அதால் முடியவில்லை. ஒன்பதாம் நாள் அவர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதிர் வெளுத்து நிமிர்ந்து நின்றது. ஒன்றைப் பறித்து நசுக்கினேன், உள்ளே எதுவும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. திருகைத் திருகியவர்கள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், அது போதவில்லை.

பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்ட பிறகு அக்கா கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் அந்த ஸ்டார்ட்டரு ஒண்ணு குடு பாய்."

"எதுக்குக்கா? நீங்கதான் வயல்லயே இருக்கீங்களே."

"இருந்து இன்னாத்தக் கண்டேன்? எல்லாரும் கெளம்பட்டும்னு உட்டுட்டு, கடசியா நான் கையால போட்டுகினு இருந்தேன். அதுக்குத்தான் எனக்குப் பதரு."

அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

"எவ்வளவு நேரம் தள்ளி வைக்கட்டும்க்கா?"

"தள்ளியெல்லாம் வெக்காத" என்றார்.

வைக்கவில்லை.