அலட்சிய அக்கா

பில் போடும் கவுண்டரில் இருந்தபோதுதான் அவளுக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"உங்கண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரும்மா."

இவள் "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். எதிரே இருந்த சோப்பை எடுத்து ஸ்கேனரில் காட்டினாள். பிறகு பற்பசை, பிறகு பிஸ்கட். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

வரிசையில் நின்ற ஒருவருக்குக் கோபம். "கூப்பிட்டா காதுலயே விழல. மூஞ்சியப் பாருங்க!" என்று வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்.

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்புவதற்குள் அந்த முகம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. 'அலட்சிய அக்கா' என்று பெயரும் வைத்தாயிற்று. முதலில் திட்டினார்கள். அப்புறம் பாட்டுச் சேர்த்தார்கள். கடைசியில் ஸ்டிக்கர் ஆக்கினார்கள். 'எனக்கென்ன வந்தது' என்று சொல்ல நினைத்தவர்களெல்லாம் அவள் முகத்தை அனுப்பினார்கள்.

வேலையை விட்டு நிறுத்தத்தான் மேலாளர் கூப்பிட்டார். ஆனால் அவளோடு செல்ஃபி எடுக்கக் கடையில் கூட்டம் சேரவும் மனம் மாறிவிட்டார்.

"உங்களப் பாக்கத்தான் வர்றாங்க. அதே மாதிரி ஒரு தடவ பாருங்களேன்."

பார்த்தாள். அதற்காக அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மகள்தான் கொதித்தாள். "உண்மையச் சொல்லி நாமளும் ஒரு வீடியோ போடலாம்மா. எல்லாரும் மன்னிப்புக் கேப்பாங்க."

"எதுக்கு? உங்க மாமா செத்ததுக்கும் பாட்டுப் போடுவாங்க."

கொஞ்ச நாளில் வேறு யாருடைய முகமோ கிடைத்தது. கூட்டம் கலைந்தது. ஸ்டிக்கர் மட்டும் தங்கிவிட்டது.

ஒருநாள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா, "என்ன, யாருமே பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டிருந்தார். அண்ணி பதிலுக்கு அந்த ஸ்டிக்கரைப் போட்டாள். கூடவே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று. தான் போனில் சொன்ன செய்தியைக் கேட்ட முகம்தான் அது என்று அண்ணிக்குத் தெரியாது.

மகள் கடகடவென்று ஏதோ தட்ட ஆரம்பித்தாள். இவள் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"விடு. இத்தன நாள்ல இப்பத்தான் சிரிக்கிறாங்க."

"உனக்கு ஒண்ணுமே தோணலையாம்மா?"

யோசித்துப் பார்த்தாள். கொடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.