அப்பா கடைசியாகக் கேட்டது

என் அப்பா கடைசியாகக் கேட்டது பால். கொடுத்தோம். அவர் குடிக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். மறுபடியும் அதையே கேட்டார். கேட்டபடியே போய்விட்டார்.

ஆண்டவரில் அன்பான சகோதர சகோதரிகளே, அந்த ஒரு வாய்ப் பால் என்னை என்ன பாடு படுத்தியது, அதிலிருந்து இறைவன் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் நாகல் நகரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடை அவருக்குப் பிழைப்பு. உயிரெல்லாம் கிறிஸ்துமஸ் குடிலில்தான். நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து அதில் அவருக்குக் கூட்டாளி நான் ஒருத்திதான். கல்யாணமாகி அதே ஊரில் வேறு தெருவுக்குப் போன பிறகும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் பிறந்துவிட்டால் சாயங்காலமெல்லாம் அப்பா வீட்டில்தான் கிடப்பேன். “குடில் கட்டப் போறியா, இல்ல அங்கேயே குடி போறியா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

தாடிக்கொம்புப் பக்கம் தெரிந்த விவசாயி ஒருவரிடம் வைக்கோல் கேட்டு வாங்கி, மொபட்டில் கட்டிக்கொண்டு வருவோம். பழைய தாம்பாளங்களில் ஈரச் சாக்கை விரித்துக் கேழ்வரகைத் தூவி முளைக்க வைப்போம். அதுதான் பெத்லகேம் வயல். இன்னொரு சாக்கைப் பசையில் முக்கி மலை செய்வோம். அப்பா எப்படிச் செய்தாலும் அது நம் ஊர் மலைக்கோட்டை மாதிரியே வந்து நிற்கும்.

“ஆண்டவரு பெத்லகேம்ல பெறந்தாரா, திண்டுக்கல்லுலயா?” என்று அம்மா கேட்பாள்.

“ஏன், நம்ம ஊருல பெறந்தா ஆகாதா மேரி?” என்பார் அப்பா. மேரி என்பது அம்மாவின் பெயர்.

குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அதாவது பாலனை, வருடா வருடம் வண்ணம் பூசிப் புதுசாக்குவோம். உடம்பு முழுக்க அப்பா பூசுவார். கண் எழுதுவது மட்டும் என் வேலை. “எனக்குக் கை நடுங்குது, நீ எழுது தாயி” என்பார். கை நடுங்கவே நடுங்காது. மகளைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர் சொன்ன பொய் அது. எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸ் முடிந்து குடிலைப் பிரிக்கிற நேரத்தில், பருவம் தப்பிய மழை பெய்து பாலன் நனைந்துவிட்டார். வண்ணமெல்லாம் உரிந்துபோயிற்று. “விடு, நான் பாத்துக்கிறேன்” என்று அப்பா எடுத்துக்கொண்டு போனார். நானும் அதை மறந்துவிட்டேன்.

புரட்டாசி மழை தொடங்கிய சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நடு அறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். அவர் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“பா...ல... மே...”

“பால் கேக்குறாரு. மேரின்னு என்னையத்தான் கூப்புடுறாரு” என்று அம்மா அடுப்படிக்கு ஓடினாள். கரண்டியில் பாலை வைத்தால் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். இடது கையைத் தூக்கித் தூக்கி மேலே காட்டினார். மோட்சத்தைக் காட்டுகிறார் என்று அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்தது. ‘உனக்குமா புரியவில்லை?’ என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையோடுதான் என் அப்பாவை அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பிறகு என்னால் பால் காய்ச்ச முடியவில்லை. அது பொங்கி வரும்போது எனக்கு அழுகை பொங்கி வரும். கல்லறைத் திருநாளன்று எல்லாரும் பூவும் மெழுகுதிரியுமாக வந்தார்கள். நான் ஒரு தம்ளர் பாலும் கொண்டுபோய் அப்பாவின் தலைமாட்டில் வைத்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்கு அப்பா வேண்டும். வைக்கோல் வாசத்தோடு மொபட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். இனி குடிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜெபம் சொல்ல உட்கார்ந்தாலும் வாய் வரவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போய், அந்தோணியார் பீடத்தின் முன்னால் நின்றேன். தொலைந்த சாவியிலிருந்து தொலைந்த ஆடு வரைக்கும் அவரிடம்தானே கேட்கிறோம். எனக்குத் தொலைந்தது ஒரு சொல். ‘அப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை அந்தோணியாரே. அவர் என்ன கேட்டார் என்று மட்டும் ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.’ இதுதான் என் ஜெபம். பதில் இல்லை. ‘ஊருக்கெல்லாம் செய்கிறீர், எனக்கு மட்டும் என்ன கேடு?’ என்று அவரோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

ஆகமன காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பூசை முடிந்து எல்லாரும் கலைந்துவிட்டார்கள். கோயிலுக்குள் குடில் வேலை நடந்துகொண்டிருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அண்ணன் ஏணியில் நின்று நட்சத்திரம் மாட்டிக்கொண்டிருந்தார். வாய் நிறைய ஆணி. கீழே சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் அண்ணாந்து கேட்டார்.

“எல்லாம் இருக்கு. பாலன் எங்கண்ணே?”

அண்ணன் ஆணியைத் துப்பாமல், சுத்தியலால் மாடியைக் காட்டிச் சொன்னார்.

“பா...ல... மே...ல...”

அது என் அப்பாவின் சத்தம். அதே இழுப்பு. அதே கை. பாலன் மேலே!

அந்தோணியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையிலேயே பாலன் இருந்தார். இத்தனை செவ்வாய்க்கிழமைகளும் என் முகத்துக்கு நேரே பதிலை ஏந்திக்கொண்டுதான் நின்றிருக்கிறார். எனக்குத்தான் கண் இல்லை.

ஆட்டோ பிடித்து அம்மா வீட்டுக்கு ஓடினேன். கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் மேலே பரண். ஸ்டூல் போட்டு ஏறினேன். நட்சத்திரக் குச்சிகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே வைக்கோல் மெத்தையில் பாலன். ரோஜா நிறத்தில் உடம்பு, கறுப்புச் சுருள் முடி, எல்லாம் அப்பாவின் கைவேலை. கண் இருக்கிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அது எனக்காக விட்டு வைத்தது.

அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்ப அவரு பால் கேக்கலையா? நாந்தான் ஊத்தி ஊத்தி அந்த மனுசனப் படுத்திட்டனா?” என்றாள். பிறகு மெதுவாக, “என்னையக் கூப்புடவும் இல்லையா?” என்றாள்.

“பாலன் மேல இருக்கு, எடுத்துக் குடு மேரின்னு சொல்ல வந்திருப்பாரும்மா. பாதிதான் வந்துச்சு” என்றேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்ததும் அம்மாவே போய்க் கேழ்வரகை ஊறப்போட்டாள்.

அன்பானவர்களே, என் ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்சாட்சி. மொபட்டைப் பார்த்தால் இன்றைக்கும் வைக்கோல் வாசம் வருகிறதா என்று நிற்கிறேன். ஆனால் அந்தக் கோபப் பார்வை என்னை விட்டுப் போய்விட்டது. இப்போது ஜெபம் சொல்லும்போது வாய் வருகிறது. வீட்டில் நானே பால் காய்ச்சுகிறேன். ஆண்டவருக்கும், அவரிடம் எனக்காகப் பேசிய அந்தோணியாருக்கும் கோடி நன்றி. யாராவது ஒரு கேள்வியோடு பீடத்தின் முன்னால் நின்று களைத்துப் போயிருந்தால், இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். பதில் சொல்லப்பட்டிருக்கலாம், நம் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கலாம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நாகல் நகர் வீட்டில் குடில் உண்டு. மலைக்கோட்டையும் உண்டு. அவசியம் வாருங்கள். பாலனுக்கு ஒரு கண் கொஞ்சம் கோணலாக இருக்கும். வருடா வருடம் புதுசாக்குகிற வழக்கத்தை அந்தக் கண்ணுக்கு மட்டும் விட்டுவிட்டேன். அன்றைக்கு அதை எழுதும்போது, நிஜமாகவே கை நடுங்கியது.