பாதியில் எழுந்து வந்த படம்

சினிமாவில் மற்றவர்கள் அழுதால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். அப்படிப்பட்டவர் இராஜாக்கமங்கலத்து டெண்டுக் கொட்டகையில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

ராஜா காலத்துக் கதை. கோட்டை எரிந்து தாய் தகப்பனை இழந்த பையன், தங்கையைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைகிறான். குதிரை லாயத்தைக் கூட்டுகிறான். சத்திரத்தில் கிடைத்த சோற்றை அவளுக்கு ஊட்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துப் படுக்கிறான். ஒருநாள் அவளை ஒரு குயவர் வீட்டில் விட்டுவிட்டு, நாளைக்கு வருவேன் என்று சொல்லி ஓடுகிறான். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அப்பா ஒரு தென்னையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்னவாக்கும்? மேலுக்கு முடியலியா?"

"ஏட்டி, எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு."

காலரா வீட்டையே காலியாக்கியபோது அப்பா சிறுவன். தங்கையை அஞ்சுகிராமத்தில் பிள்ளையில்லாத ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, வண்டிமாடு குளிப்பாட்டியும் மூட்டை சுமந்தும் ஆளானவர். மீசை முளைத்தபின் ஒருமுறை போயிருக்கிறார். எண்ணெய் தேய்த்துப் பின்னிய தலையும் பட்டுப் பாவாடையுமாக அவள் கடைக்காரரை அப்பா என்று கூப்பிடுவதைத் தெருவின் எதிர்ச் சாரியில் நின்று பார்த்திருக்கிறார். "நான் போயி என்னத்தக் குடுக்க? திரும்பிட்டேன். பெறவு போக மொகமில்ல," என்றார். பசிக்கும் அடிக்கும் அஞ்சாத மனிதர் ஒரு பெண்பிள்ளை என்ன கேட்பாளோ என்று இத்தனை வருஷம் அஞ்சியிருக்கிறார்.

அம்மாவுக்கு வந்தது கோபம். "எனக்கொரு நாத்தனார் உண்டுன்னு சினிமாக்காரன் வந்து சொல்லணுமா? நாளைக்குக் காலத்த மொத பஸ்ஸுக்குப் பொறப்படுங்க."

அஞ்சுகிராமத்தில் அதே கடை. கல்லாவில் இருந்தவள் அத்தைதான். கடைக்காரர் காலமாகி, வியாபாரத்தை அவளே நடத்திக்கொண்டிருந்தாள். மிளகாய் வற்றல் நிறுத்துக்கொண்டிருந்தவள், வாசலில் நின்ற அப்பாவை ஏறிட்டாள். நெடுநேரம் பார்த்தாள். தராசைக் கீழே வைத்தாள்.

"அண்ணனா?"

அப்பா தலையாட்டினார். "ஒருக்கா வந்து பாத்தேன். நீ நல்லா இருந்தே, மக்கா. அதான்..."

"நல்லாத்தான் இருந்தேன். அதுக்காக எனக்கு அண்ணன் வேண்டாம்னு ஆயிருமா?"

அப்பா அழுதார். அப்படியொரு அழுகையை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அத்தை அழவில்லை. வாங்க வந்தவர்களை அனுப்பிவிட்டுப் பட்டப்பகலில் கடையைச் சாத்தினாள். சோறு பொங்கி மீன் பொரித்தாள். அப்பா வேண்டாமென்று சொல்லச் சொல்ல இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவிடம் ஊர்க்கதை கேட்டாள். என் சடையை அவிழ்த்து இறுக்கிப் பின்னிவிட்டாள்.

சாயங்காலம் நாங்கள் கிளம்பியபோது அவளும் ஒரு பையோடு பஸ்ஸில் ஏறி, அப்பாவைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

"நீ எங்க வாற?" என்றார் அப்பா.

"ஒன் வீட்டுக்கு. எனக்கு வழி தெரியாண்டாமா? இனி நீ வரல்லேன்னா நான் வருவேம்லா."